அந்த அறிவித்தலை மடித்து வைக்காதீர்கள்

பதுளை, பண்டாரவளை, பசறை, வெலிமடை என ஊவா எங்கும் தமிழ்மொழிப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

நானும் உங்களில் ஒருவர்தான். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, அதே மலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றேன். வலயக் கல்விப் பணிமனைக்கோ மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நான் சொல்ல வந்த விஷயத்தில் கடைசி முடிவை எடுப்பவர்கள் நீங்கள்தான்.

பாடசாலை மாணவருக்கென்றே மூளை அறிவியலில் ஒரு போட்டி இருக்கிறது. பெயர் பிரெயின் பீ. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்பர்ட் மிஸ்லின்ஸ்கி 1990களின் இறுதியில் தொடங்கி வைத்தது. ஊர் மட்டம், தேசிய மட்டம், உலக மட்டம் என்று படிப்படியாகப் போகும். 13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இலங்கையிலும் தேசியச் சுற்று நடந்திருக்கிறது. இவை உங்களில் பலருக்குத் தெரிந்தவை. அதன் அறிவித்தல் ஒரு பாடசாலைக்கு வந்து சேர்ந்தால் அதற்கு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் கடைசியாகக் கற்பித்த பாடசாலைகளில் ஒன்றில் அது வந்த நாள் நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு தாள். அலுவலகத்திலிருந்து ஆசிரியர் அறைக்கு வந்தது. இருவர் வாசித்தார்கள். "இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு" என்றார் ஒருவர். "நம்ம பிள்ளைக்குச் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியடைந்தாலே பெரிசு" என்றார் மற்றவர். தாள் நான்காக மடிக்கப்பட்டு வரவுப் பதிவேட்டுக்குள் போனது. அந்த வாரம் முழுவதும் ஒரு மாணவருக்கும் அது சொல்லப்படவில்லை. ஒரு பிள்ளையும் தோற்கவில்லை, ஒரு பிள்ளையும் மறுக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக நாம் மறுத்துவிட்டோம்.

அந்த இருவரும் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஆறாயிரம் ரூபாய் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்து, அந்தப் பணத்தில் பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் கொடுத்து, நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் பலர். ஒரே ஆள் விஞ்ஞானமும் கணிதமும் சுகாதாரமும் எடுக்கும் பாடசாலைகள் இருக்கின்றன. ஆய்வுகூடம் என்று பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே நீர்க்குழாய் இராது. உயர் தரத்தில் உயிரியல் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளை ஊவாவில் விரல்விட்டு எண்ணலாம். இதையெல்லாம் அறிந்தும் உங்களிடம் கேட்கிறேன் என்றால், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்பதால்தான்.

நீங்கள் சொல்லும் காரணங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது ஆங்கிலம். உண்மையான தடை இது, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போட்டிக்கான பாடநூலாகப் பயன்படும் 'பிரெயின் ஃபேக்ட்ஸ்' ஆங்கிலத்தில் இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் அறிவியல் சங்கம் வெளியிடும் இந்நூலை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். ஆனால் நம் பிள்ளை அந்த நூலுக்கு வெறுங்கையோடு போகவில்லை. மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம், முண்ணாண், தெறிவினை என்று அரசாங்கப் பாடநூலிலேயே அத்தனையையும் தமிழில் படித்துவிட்டுத்தான் போகிறது. தெரியாத பாடத்தை அந்நிய மொழியில் படிப்பதும், தெரிந்த பாடத்துக்கு ஆங்கிலப் பெயரைக் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. பிந்தியது ஒரு தவணையில் முடியக்கூடிய வேலை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் மூளையைப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தத் தீவில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதில் நம் மலைகளுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

இரண்டாவது, ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை என்பது. இதில் உங்களோடு உடன்பட மாட்டேன். மூளை அறிவியலுக்கு ஊவாவின் தேயிலை மலையைவிடப் பொருத்தமான வகுப்பறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மழை நாளில் மேற்கணக்கு லயங்களிலிருந்து புல்லுப் பாதையில் இறங்கி வரும் பிள்ளை, வகுப்புக்குள் நுழையுமுன் காலில் என்னத்தைப் பிடுங்கி எறிகிறது? அட்டையை. அதன் உறவினமான ஐரோப்பிய மருத்துவ அட்டையில்தான் 1960களில் நரம்பியல் விஞ்ஞானிகள் ஸ்டீபன் கஃப்ளரும் ஜோன் நிக்கல்ஸும் நரம்புக்கலங்களை ஆராய்ந்தார்கள். அட்டையின் நரம்புத் தொகுதி 32 திரட்டுகளால் ஆனது. முன்னே 4 ஒன்று சேர்ந்து தலைப்பகுதி, பின்னே 7 ஒன்று சேர்ந்து வால்பகுதி, நடுவே தனித்தனியாக 21. நடுத் திரட்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 400 நரம்புக்கலங்கள். மனித மூளையில் எத்தனையோ ஆயிரம் கோடி கலங்கள் என்று சொன்னால் பிள்ளைக்குத் திகைப்புத்தான் மிஞ்சும். 400 என்றால் எண்ணிப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். விஞ்ஞானிகளும் அதனால்தான் அட்டையை எடுத்தார்கள்.

குளவியைப் பாருங்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்ட தொழிலாளியை அறியாத குடும்பம் நம் தோட்டங்களில் இல்லை. கொட்டியவுடன் சுரீரென்று ஒரு வலி, அது அடங்கும் நேரத்தில் காந்துகிற இன்னொரு வலி. இரண்டும் ஒரே பாதையில் வருவதில்லை. முதலாவது, மயலின் கவசமுள்ள நாரில் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் வருகிறது. இரண்டாவது, கவசமில்லாத மெல்லிய நாரில் செக்கனுக்கு 2 மீற்றருக்கும் குறைந்த வேகத்தில் வருகிறது. மயலின் கவசம் எதற்கு என்று பரீட்சைக்குப் பாடமாக்கும் பிள்ளைக்கு, அம்மாவின் வீங்கிய கையைக் காட்டி இதைச் சொல்லிக் கொடுங்கள். வாழ்நாளில் மறக்காது.

தேயிலை இருக்கவே இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய வாங்கிகளில் பொருந்தும்போது தூக்கம் வருகிறது. தேயிலையிலுள்ள கஃபீன் அந்த வாங்கிகளில் தான் போய் அமர்ந்து அடினோசினுக்கு இடம் கொடுக்காமல் செய்கிறது. தம்பேதன்னவில் லிப்டன் 1890இல் தொழிற்சாலை கட்டிய காலத்திலிருந்து இந்த மலைகள் உலகத்துக்கு அனுப்பி வருவது மூளையில் வேலை செய்யும் இந்தப் பொருளைத்தான். அதைக் கிள்ளி அனுப்புகிறவர்களின் பிள்ளைகளுக்கு அது மூளையில் என்ன செய்கிறது என்று ஒருவரும் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

மாதிரி மூளை வேண்டுமா? பிளாஸ்டிக் மாதிரிக்கு நன்கொடையாளர் தேட வேண்டாம். கோயில் திருவிழாவுக்குக் கிடாய் வெட்டாத தோட்டம் எது? ஒரு தலையைக் கேட்டு வாங்குங்கள். இரு அரைக்கோளங்களும், மடிப்புகளும், பின்னே மூளியும், அதன் கீழே நீள்வளைய மையவிழையமும், புரட்டிப் பார்த்தால் கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடமும் வெறுங்கண்ணுக்கே தெரியும். விருப்பமில்லாத பிள்ளையைத் தொடச் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும். மூளைப் பகுதிகளைப் பார்த்து அடையாளம் சொல்லும் சுற்று அந்தப் போட்டியிலும் இருக்கிறது. பெரிய கருவிகளும் தேவையில்லை. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்கள் அந்த இல்லாத கையில் உணரும் வலியை ஆராய்ந்தபோது பயன்படுத்திய கருவி ஒரு பெட்டியும் அதில் பொருத்திய முகம் பார்க்கும் கண்ணாடியும். இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டினார். சில நோயாளிகளுக்கு வலி குறைந்தது. அந்தக் கண்ணாடி எல்லா லயத்திலும் தொங்குகிறது.

மூன்றாவது காரணம் பரீட்சை. பெறுபேறு குறைந்தால் கேள்வி கேட்பது உங்களைத்தான். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். தமிழ்த்தினப் போட்டிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பேச்சுக்கும் நாடகத்துக்கும் பாவோதலுக்கும் பாடசாலை விட்ட பிறகு மாலை வரை பிள்ளைகளை வைத்துப் பழக்குகிறீர்கள். கோட்டம், வலயம், மாகாணம் என்று கைப்பணம் போட்டு அழைத்துப் போகிறீர்கள். அகில இலங்கை மட்டத்தில் நம் தோட்டத்துப் பிள்ளை மேடை ஏறினால் பண்டாரவளையிலிருந்து லுணுகலை வரை பேச்சாகிறது. அதனால் பெறுபேறு விழுந்துவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. மேடையில் நின்று பேசிப் பழகிய பிள்ளை வகுப்பிலும் கை உயர்த்துகிறது என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். தமிழில் நம் பிள்ளை வெல்லும் என்று நம்பியதால் அந்த உழைப்பைக் கொடுத்தீர்கள். விஞ்ஞானத்தில் அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது, நேரத்தில் அல்ல.

அந்த நம்பிக்கையின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. கொழுந்தெடுக்க எழுத்தறிவு போதும் என்று துரைமார் முடிவு செய்தார்கள். நம் பிள்ளைகளுக்கு எது போதும் என்று முடிவு செய்யும் இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். ஆசிரியர் அறையில் "நம்ம பிள்ளைக்கு இது போதும்" என்ற சொல் எழும்பும்போதெல்லாம் அது யாருடைய பழைய முடிவு என்று நினைத்துப் பாருங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பௌதிகம், கணிதம், கணினி என்று எத்தனையோ போட்டிகள் இருக்க மூளையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். நம் லயங்களில் மூளையைப் பற்றிய அறியாமைக்கு மனிதர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதால்.

ஒரு காலைக்கூட்டத்தில் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி விழுந்து வலிப்பு வந்து துடித்தாள். ஓடி வந்தவர்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒருவர் திறப்புக் கோர்வையைக் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டிக் காம்பை நுழைத்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவள் எழுந்தபோது வாயில் இரத்தம், நூற்றுக்கணக்கான கண்கள் முன்னால். பிறகு லயத்தில் பேச்சு ஆரம்பித்தது: பேய், செய்வினை, கட்டிக் கொடுக்க முடியாது. அவள் பாடசாலைக்குத் திரும்பவில்லை. வலிப்பு என்பது மூளைக் கலங்களில் கட்டுமீறி எழும் மின் பாய்ச்சல், மருந்தால் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படும். செய்ய வேண்டியது பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துவது, வாயில் எதையும் வைக்காதிருப்பது, நேரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. இவ்வளவுதான். இந்த நான்கு விஷயமும் தெரிந்த ஒரு மாணவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை படிப்பை விட்டிருக்க மாட்டாள்.

பாரிசவாதமும் அப்படித்தான். ஒருபக்கம் வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் நம் ஆட்கள் "காற்று அடித்துவிட்டது" என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைக்கிறார்கள். காலையில் பார்க்கலாம் என்கிறார்கள். இரத்தக் கட்டியால் வரும் பாரிசவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். தோட்டத்து லொறி கிடைத்து, உடைந்த பாதையில் இறங்கி, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். அதில் ஒரு மணி நேரம் மிச்சமானாலும் அது ஒருவரின் பேச்சு, ஒருவரின் நடை. உலகப் போட்டியில் நடிகர்கள் நோயாளிகளாக நடிக்க, அறிகுறிகளைக் கேட்டுப் பிள்ளைகள் நோயைக் கண்டறியும் சுற்று ஒன்று உண்டு. அதற்குப் பயிற்சி எடுக்கும் மாணவி முதலில் கண்டுபிடிக்கப் போவது தன் தாத்தாவின் கோணிய வாயை.

இன்னும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பின்னும் இந்த மலைகளில் சரிவுகள் ஓயவில்லை. இரவில் மழை பலமாகப் பெய்தால் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காரும் பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அச்சத்தை மூளை எப்படிப் பதிந்து வைக்கிறது, மழைச் சத்தம் மட்டும் கேட்டாலே உடல் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று விளங்கினால், தனக்குப் பைத்தியம் இல்லை என்றாவது அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

போட்டிப் பரிசு மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஒரு பிள்ளை வென்று நூறு பிள்ளை தோற்கும் ஏற்பாடுகள் கல்வியில் ஏற்கனவே அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன. ஆனால் போட்டி ஒரு திகதியைக் கொடுக்கிறது. திகதி இருந்தால்தான் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அதில் உட்காரும் பதினைந்து பிள்ளைகளும், தேசியச் சுற்றுக்குப் போகிறார்களோ இல்லையோ, மேலே நான் சொன்ன அத்தனையையும் அறிந்தவர்களாக வெளியே வருவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே நான் கேட்பது இவை.

அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் பாடசாலையில் 9ஆம் தரத்திலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கு மூளை அறிவியல் வட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும். புள்ளி அதிகம் வாங்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்காதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்யும் பிள்ளையைக் கட்டாயம் சேருங்கள். ஆங்கிலப் பாட ஆசிரியரைக் கூட்டுச் சேர்த்து 'பிரெயின் ஃபேக்ட்ஸ்' நூலை வாரம் சில பக்கங்களாகத் தமிழ்ப் பாடநூலோடு வைத்து வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் உலகெங்கும் மூளை விழிப்புணர்வு வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கிடையே பதுளையில் ஒரு சுற்றைத் தமிழில் நடத்துவோம். தமிழ்த்தினப் போட்டிக்கு இருக்கும் அதே ஒழுங்கு, அதே ஆட்கள். பதுளை ஆஸ்பத்திரி வைத்தியர்களையும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களையும் நடுவர்களாக அழையுங்கள். நம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால் வருவார்கள் என்றே நம்புகிறேன். மாகாண விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர்கள் இதை முன்னின்று நடத்தினால் நல்லது. அவர்கள் தயங்கினால் இரண்டு பாடசாலைகள் சேர்ந்தே தொடங்கலாம்.

தேசியச் சுற்று நடத்துவோருக்கு ஆளுக்கொரு கடிதமாக எழுதாமல் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுவோம். வினாத்தாள் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். பதுளையில் ஒரு பரீட்சை நிலையம் வேண்டும். ஒரு பரீட்சைக்காகத் தோட்டத்துப் பெற்றோர் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் புகையிரதப் பயணத்துக்கும் கொழும்பில் தங்குவதற்கும் நாட்சம்பளத்தை இழக்க முடியாது என்பதை மரியாதையாக, தெளிவாக எழுதுவோம். எந்தப் பாடசாலையிலிருந்து எத்தனை பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் இணைப்போம். பட்டியல் இல்லாத கோரிக்கையை ஒதுக்கிவிடுவது எளிது. அந்தப் பட்டியலைத் தரக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

வட்டம் தொடங்கும் பாடசாலை எதுவானாலும் முதல் சில வாரங்களுக்கு நானே வந்து உதவத் தயாராக இருக்கிறேன். லுணுகலை, பூனாகலை, நமுனுகுலை என்று எந்த மலையானாலும் சரி, பஸ் போகும் இடம்வரை பஸ்ஸில் வந்து மிச்சத்தை நடந்து வருவேன். கிடாய்த் தலையை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
பசறை